கேரவனுக்கு முன் இடம், இடத்துக்கு முன் தூரம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், மருத்துவமனையில் உங்களுடன் பணிபுரியும் செவிலிய நண்பர் ஒருவர் கடற்கரை ஊரான ஸ்கெக்னஸ் அருகே ஒரு கேம்ப்சைட்டில் நிறுத்தி வைத்திருக்கும் தம் கேரவனை 4,000 பவுண்டுக்குத் தர முன்வந்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். "இடத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இனி விடுமுறைச் செலவே இல்லை" என்று அவர் சொல்வதை நம்பி இறங்கலாமா என்பது உங்கள் கேள்வி. வாடகை வீட்டில் இருந்துகொண்டு இது தேவையா என்பது உங்கள் மனைவியின் கேள்வி. நாங்கள் பல ஆண்டுகளாக இப்படி ஒரு கேரவனை வைத்திருக்கிறோம், அதில் மகிழ்ச்சியாகவும் இருக்கிறோம். ஆனாலும் உங்களுக்கு நான் முதலில் சொல்லவிரும்புவது, கேரவனின் விலையை மறந்துவிட்டு, உங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த இடம் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பதையும், உங்கள் டியூட்டி ரோட்டா என்னும் பணிநேரப் பட்டியல் எத்தனை வார இறுதிகளை உங்களுக்கு விட்டுவைக்கிறது என்பதையும் பாருங்கள் என்பதுதான்.

இங்கே கேரவன் என்பது படுக்கையும் அடுப்பும் உள்ள சிறு சக்கர வீடு; நம் ஊரில் நடிகர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுவரும் வண்டியைப் போன்றதல்ல. இதற்கு இஞ்சின் கிடையாது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டு போய், மட்டம் பார்த்து நிறுத்தி, ஆனிங் என்னும் கூடாரத்தை வண்டியின் பக்கவாட்டில் கட்டி, இரண்டு இரவு தங்கிவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்புவது பெரும் வேலையாக இருப்பதால், மார்ச் மாதத்திலிருந்தோ ஈஸ்டரிலிருந்தோ அக்டோபர் இறுதிவரை ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ளும்படி சைட்டின் உரிமையாளரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிடுவதைத்தான் சீசனல் பிட்ச் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வெறும் காரில் போய், பூட்டைத் திறந்து, கேஸைத் திருப்பி, தண்ணீர் உருளையை நிரப்பினால் அரை மணி நேரத்தில் அடுப்பில் டீ கொதித்துவிடும். நீங்கள் கொடுக்கும் பணம் இந்தச் சுலபத்துக்கான விலை. அடிக்கடி போகிறவருக்கு அது மலிவு. எப்போதாவது போகிறவருக்கு அதைப் போல் விலை உயர்ந்த விடுமுறை வேறில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் சைட்டுக்கு சைட் பெரிதும் வேறுபடும். பண்ணை நிலத்தின் ஓரத்தில் குழாயும் கழிப்பறையும் மட்டும் உள்ள இடம் ஒரு விலை, நீச்சல் குளமும் கிளப்பும் உள்ள கடற்கரை இடம் வேறொரு விலை. பேச்சுக்கு, பிட்ச் கட்டணம் 2,500 பவுண்டு என்றும், காப்பீடு, மின்சாரம், கேஸ், ஆண்டுக்கொரு சர்வீஸ், குளிர்கால நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 900 என்றும் வைத்துக்கொள்வோம். பத்து வார இறுதிகளில் இரண்டிரண்டு இரவுகள், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் என்று 34 இரவுகள் தங்கினால் இரவுக்கு 100 பவுண்டு ஆகிறது. ஆகஸ்ட் மாதத்தில் நால்வர் கொண்ட குடும்பத்துக்குக் கடலோரத்தில் அந்த விலைக்கு அறை கிடைப்பது எளிதல்ல. ஆனால் கோடையில் நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் 20 இரவுகள் மிஞ்சும், இரவுக்கு 170 ஆகிவிடும். பாட்டியும் தாத்தாவும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஆண்டில் ஸ்கெக்னஸில் ஆறு வாரம் கேரவன் பூட்டிக் கிடக்கும், கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேரவனின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது தூரம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 30 வார இறுதிகள் வரும். அவற்றில் பாதியை மருத்துவமனை எடுத்துக்கொள்ளும். மீதியில் பிறந்தநாள், கோவில், தமிழ்ப் பள்ளி, பூப்புனித நீராட்டு விழா என்று நம் சமூகம் ஒரு பங்கு கேட்கும். உங்களுக்கு வார நடுவில் கிடைக்கும் விடுப்பு பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால் இதற்குப் பயன்படாது. அனுமதியின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் அபராதம் வரக்கூடும்; 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் அது ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் முதல் முறை 80 பவுண்டு, 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. ஆகவே உங்களிடம் மிஞ்சுவது வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை மட்டும். லெஸ்டரிலிருந்து ஸ்கெக்னஸுக்குச் சாலை காலியாக இருந்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லிங்கனிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஏ158 சாலை கோடை வார இறுதிகளில் எப்படி நகரும் என்பதை வண்டியை விற்கும் உங்கள் நண்பரிடமே கேளுங்கள். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இடம் முதல் ஆண்டில் இனிக்கும், இரண்டாம் ஆண்டில் சலிக்கும், மூன்றாம் ஆண்டில் விற்பனைக்கு வரும் என்பது நான் சுற்றிலும் கண்டது. உங்களுக்கு ரட்லண்ட் வாட்டர் ஏரிப் பக்கத்திலோ டெர்பிஷயரின் மலைப்பாங்கான பீக் மாவட்டத்திலோ ஓர் இடம் கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது. அங்கே கடல் இல்லைதான். ஆனால் நீங்கள் உண்மையில் போவீர்கள்.

"இடத்தோடு சேர்த்து" என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். இடம் உங்கள் நண்பருடையது அல்ல. சைட்டின் உரிமையாளர் அவருக்கு ஒரு சீசனுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி அது; பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் உள்ள சைட்டாக இருந்தால் அவருடைய இடம் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். சில சைட்டுகள் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கேரவன்களைப் புதிதாக ஏற்பதில்லை. பழைய வாடிக்கையாளரின் வண்டி என்பதால் இதுவரை பொறுத்துக்கொண்டிருப்பார்கள், கை மாறியதும் வெளியே எடுக்கச் சொல்வார்கள். எனவே பணம் கைமாறும் முன், சைட் அலுவலகத்திலிருந்து உங்கள் பெயரில், இந்த வண்டிக்கு, வரும் சீசனுக்கு இடம் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் இதில் இறங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், இறங்கலாம், ஆனால் இதை வீட்டுக்கு மாற்றாக ஒரு நாளும் நினைக்க வேண்டாம் என்பதே. புதிதாக வந்தவர்களில் சிலர் வாடகையை மிச்சப்படுத்த ஏழெட்டு மாதம் கேரவனிலேயே இருந்துவிடலாமே என்று யோசிப்பதைக் கேட்டிருக்கிறேன். இத்தகைய சைட்டுகள் பெரும்பாலும் 1960-ஆம் ஆண்டுக் கேரவன் தளச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி தரும் உரிமத்தில் இயங்குகின்றன. விடுமுறைக்கு மட்டும், குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. அதனால்தான் உங்களுக்கு வேறொரு வீடு இருக்கிறது என்பதற்குச் சான்றாக, சைட் அலுவலகம் ஆண்டுதோறும் உங்கள் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்காக உள்ளூராட்சிக்குக் கட்டும் வரி) ரசீதைக் கேட்கும். நிரந்தரமாகக் கேரவன் வீடுகளில் வாழ்பவர்களுக்கு 1983-ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டம் தரும் பாதுகாப்பு எதுவும் விடுமுறை இடங்களுக்கு இல்லை. வங்கிக்கும் குடிவரவு விசாவுக்கான கணக்குக்கும் உங்கள் வாடகை வீட்டு முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

வண்டியை இழுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டு உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதங்களுக்குத்தான் செல்லும். அதன்பின் இங்கே தேர்வெழுதிப் பெற்ற கார் உரிமம் உங்களிடம் இருக்குமானால், கிரேட் பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை (கேரவனும் அதில் அடங்கும்) இழுக்கத் தனித் தேர்வு தேவையில்லை. ஆனால் உரிமம் அனுமதிப்பதை எல்லாம் உங்கள் கார் அனுமதிக்காது. கேரவனின் அதிகபட்ச எடை காரின் எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்பது புதிதாக இழுப்பவர்களுக்குத் தரப்படும் அறிவுரை. காரின் கையேட்டில் உள்ள இழுவை வரம்பைத் தாண்டக்கூடாது என்பதோ அறிவுரை அல்ல, கட்டாயம். சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வே என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் 60 மைல்தான் வரம்பு, மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயின் வலது தடத்துக்குப் போகவும் கூடாது. சிறிய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து மனம் தளர வேண்டாம்: சீசனல் பிட்ச்சில் வண்டி ஆண்டுக்கு இரண்டு முறைதான் நகர்கிறது, அந்த இரண்டு முறைக்கும் கேரவன் இழுத்துத் தருபவர்களுக்குக் கூலி கொடுத்துவிடலாம்.

அந்த 4,000 பவுண்டு வண்டியைப் பார்க்கப் போகும்போது மழைநாளாகத் தேர்ந்தெடுங்கள். கேரவன்களைக் கொல்வது ஈரம். சுவரும் கூரையும் சேரும் மூலைகளையும், சன்னல்களின் அடிப்பகுதியையும், முன்புற லாக்கரின் உட்புறத்தையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறது. ஈரமானி 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் பழுதுச் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடலாம். இங்கே கேரவன்களுக்குக் கார்களைப் போல அரசுப் பதிவு கிடையாது. 1992 முதல் கிரிஸ் என்னும் பதிவுத் திட்டத்தில் 17 இலக்க எண் சன்னல் கண்ணாடிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே எண் இருக்கிறதா, அதற்கு உரிய பதிவுத் தாள் அவர் பெயரில் இருக்கிறதா, வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதால் டயர்களின் வரிகள் தேயாமல் புதிதுபோல் தெரியும். ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். தயாரிப்புத் தேதியைப் படித்து, ஏழு ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சமையலுக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் அங்கே முதலில் இடறுவது மின்சாரத்தில்தான். பிட்ச்சில் உள்ள நீலநிற இணைப்பு பெரும்பாலும் 16 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர். பத்து என்றால் மொத்தம் 2,300 வாட்தான். வீட்டுக் கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். ரைஸ் குக்கரும் ஹீட்டரும் ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் விளக்கணைந்து, மழையில் நனைந்தபடி மின் இணைப்புக் கம்பத்துக்குப் போய் ஸ்விட்சைத் தூக்கிவிட வேண்டும். குறைந்த வாட் கெட்டில் ஒன்று வாங்குங்கள். சட்னியை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போங்கள். தாளிப்பதையும் மீன் பொரிப்பதையும் வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது. அண்டை வண்டிக்காரர்களுக்காக மட்டும் சொல்லவில்லை, எண்ணெய்ப் புகை மெத்தைத் துணியில் ஏறினால் அந்த வண்டியை நீங்கள் விற்கும் வரை இறங்காது. குளிருக்காகத் தரையிலும் சுவரிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்று தோன்றினாலும், ஆனிங்குக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உறக்கத்தில் குடும்பத்தையே கொண்டுபோகும். அந்த வாயுவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி இல்லாத வண்டியில் ஒரு இரவும் தங்க வேண்டாம்.

உறவினர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் பர்மிங்ஹாமிலிருந்து மைத்துனர் குடும்பமும், லண்டனிலிருந்து நண்பர் குடும்பமும் இரண்டு காரில் வந்து இறங்குவது நமக்கு இயல்பு, வரவேற்பதும் இயல்பு. ஆனால் ஒப்பந்தத்தில் யார் பெயர்கள் உள்ளனவோ அவர்களுக்குத்தான் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது. பகல் விருந்தினரையும் அலுவலகத்தில் பதிய வேண்டும், இரவு தங்கினால் தனிக் கட்டணம், இரண்டாவது காரை வேறிடத்தில் நிறுத்த வேண்டும் என்று பல சைட்டுகளில் விதி உண்டு. வண்டிகளுக்கிடையே ஆறு மீட்டர் இடைவெளி தீப்பாதுகாப்புக்காக விடப்படுவது, பிள்ளைகளுக்கு இன்னொரு கூடாரம் போடுவதற்கான காலி இடம் அல்ல. இரவு பத்தரை, பதினொன்றுக்கு மேல் குரல் தாழ வேண்டும். நண்பர்களுக்குச் சாவியைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது தெரியவந்தால் மறு ஆண்டு ஒப்பந்தம் வராது, காப்பீடும் செல்லாமல் போகலாம். முதல் மாதத்திலேயே சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வார்டனிடம் விருந்தினர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உறவினர்களுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இராது.

காப்பீடு எடுக்கும்போது வண்டி சீசன் முழுவதும் ஆளில்லாமல் சைட்டில் நிற்கும் என்பதைச் சொல்லி எடுங்கள். கார் காப்பீடு இழுத்துச் செல்லும்போது மற்றவருக்கு நேரும் சேதத்துக்குத்தான் பொதுவாகப் பொறுப்பேற்கும். எந்தச் சக்கரப் பூட்டு, எந்தக் கொக்கிப் பூட்டு என்று காப்பீட்டுத் தாளில் எழுதியிருந்தால் அதே பூட்டு இருக்க வேண்டும். ஆனிங்கைக் கட்டியே விட்டுவிட்டு வருவது வசதிதான், ஆனால் வடகடலிலிருந்து வரும் காற்று ஏப்ரலிலும் அக்டோபரிலும் கம்பிகளை முறுக்கிவிடும். புயல் எச்சரிக்கை வரும் வாரத்தில் போய் அவிழ்ப்பதற்கும் தூரம் குறுக்கே நிற்கும். அந்தக் கரையின் தாழ்நிலங்களுக்குள் 1953 ஜனவரி 31 இரவு கடலே புகுந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சைட்டுகள் மூடிக்கிடப்பதற்கு வெள்ள அபாயமும் ஒரு காரணம். அக்டோபர் இறுதியில் குழாய்களிலும் ஹீட்டரிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்து, குழாய்களைத் திறந்தபடியே விட்டு, மெத்தைகளைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைக்க வேண்டும். சைட்டிலேயே குளிர்காலத்துக்கு விட முடியுமா, வேறு நிறுத்துமிடம் தேட வேண்டுமா என்பதையும் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் உங்கள் நண்பரிடம் ஒரு வார இறுதிக்கு அந்த வண்டியில் அவருடைய விருந்தினராகத் தங்க அனுமதி கேளுங்கள். அலுவலகத்தில் பதிந்து, உரிய கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பணி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும், அடுத்த வாரமும் போகலாமா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். தயங்கினால் ஸ்கெக்னஸை விட்டுவிட்டு ரட்லண்ட் பக்கத்துச் சைட்டுகளுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பழையவர்கள் புதுப்பிக்காத இடங்கள் இலையுதிர் காலத்தில்தான் தெரியவரும், பட்டியலில் பெயரைக் கொடுத்து வைப்பதற்குப் பெரும்பாலும் செலவில்லை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்