யானை வீட்டு விலங்கா?

கேள்வி: யானை இன்றுவரை 'டொமெஸ்டிகேட்' செய்யப்படாத விலங்கு என்று ஓர் அறிவியல் கட்டுரையில் படித்தேன். பாகனின் ஒரு சொல்லுக்கு மண்டியிடுகிற, கோயில் வாசலில் நின்று ஆசி வழங்குகிற யானையைப் பற்றி எப்படி அவ்வாறு சொல்ல முடியும்? அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது?
- ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள வாசகருக்கு,

கட்டுரை சொன்னது சரிதான். உங்கள் ஐயமும் நியாயமானதே. ஆங்கிலத்தில் 'டேம்', 'டொமெஸ்டிகேட்' என்று தனித்தனியே நிற்கும் இரு சொற்களையும் நாம் 'பழக்குதல்' என்ற ஒன்றாலேயே பெயர்த்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. வீட்டைச் சார்ந்தது 'டொமெஸ்டிகுஸ்'. அதிலிருந்து வந்த 'டொமெஸ்டிக்' ஆங்கிலத்தில் முதலில் வழங்கத் தொடங்கியது. விலங்கை வீட்டுக்குரியதாக்குதல் என்னும் பொருளில் 'டொமெஸ்டிகேட்' என்ற வினைச்சொல் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. நம் சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ 'டொமெஸ்டிக்' சிலிண்டரில் இந்த வீடு வீடாகவே இருக்கிறது. விமான நிலையத்தின் 'டொமெஸ்டிக்' முனையத்திலோ அது நாட்டின் அளவுக்கு விரிந்துவிட்டது. வீட்டுத் தலைவியைக் குறித்த 'டோமினா' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சில் 'டாம்' ஆகி, 'என்னுடைய' என்ற முன்னொட்டையும் சேர்த்துக்கொண்டு, இன்று நம் அலுவலகங்களில் 'மேடம்' என்று ஒலிக்கிறது.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை நம் திருமண அழைப்பிதழ்களிலேயே இருக்கிறது. லத்தீனும் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்தவை. வேதகால சமஸ்கிருதத்தில் 'தம்' என்பது வீட்டைக் குறித்தது. 'தம்பதி' என்றால் வீட்டின் தலைவன். இருவரைக் குறிக்கும் இருமை எண்ணில் வழங்கியபோது அதுவே கணவனையும் மனைவியையும் சேர்த்துக் குறித்தது. 'தம்முடைய' என்பதில் வரும் நம்முடைய 'தம்' வேறு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'டெஸ்பொட்டேஸ்'. வீட்டுத் தலைவனைக் குறித்த அச்சொல்தான் பிற்காலத்தில் கொடுங்கோலனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'டெஸ்பாட்' ஆனது. வீட்டுத் தலைவர்களைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

'டேம்' பழைய ஜெர்மானியச் சொல். அடக்குதல் என்னும் பொருளுடைய அதன் வேரிலிருந்துதான் புலனடக்கத்தைக் குறிக்கும் சமஸ்கிருத 'தமம்' வந்தது. தமனர் என்ற முனிவரின் வரத்தால் பிறந்த தமயந்தியின் பெயரும் அந்த வேரினதே. அடக்க முடியாதது என்று பொருள்படும் கிரேக்க 'அடமாஸ்' திரிந்து 'டயமண்ட்' ஆயிற்று. வீட்டைக் குறிக்கும் வேரும் அடக்குதலைக் குறிக்கும் வேரும் ஒலியில் நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றே என்று கருதியவர்கள் உண்டு. இன்றைய மொழிநூலார் பெரும்பாலும் அவற்றைப் பிரித்தே வைக்கின்றனர்.

இனி யானைக்கு வருவோம். 'டேம்' செய்வது ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நடந்து முடிவது. காட்டில் பிறந்த யானையைப் பிடித்து, கரால் எனும் மரக்கூண்டில் அடைத்து, பழகிய யானைகளான கும்கிகளின் துணையுடன் பாகனின் சொல்லுக்குக் கட்டுப்படச் செய்யலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு அதன் குட்டிக்குப் பிறப்பிலேயே வந்துவிடுவதில்லை. 'டொமெஸ்டிகேட்' என்பது வம்சத்துக்கு நேர்வது. எந்த ஆணும் எந்தப் பெண்ணும் சேர வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக மனிதன் முடிவு செய்துவர, அந்த இனம் உடலிலும் குணத்திலும் காட்டு மூதாதையிடமிருந்து வேறாகிவிட வேண்டும். யானைக்கு அது நடக்கவில்லை. அதன் கருக்காலம் ஏறத்தாழ 22 மாதம். பிறந்த குட்டி வேலைக்கு ஆகும்வரை பல ஆண்டுகள் தீனி போட்டாக வேண்டும். எனவே வளர்ந்த யானையைக் காட்டிலிருந்து பிடித்துவருவதே அரசர்களுக்குக் கட்டுப்படியாயிற்று. யானைகளுக்கென்றே காடுகளைக் காக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். முகாம்களில் பிறக்கும் குட்டிக்கும் காட்டுக் கொம்பனே தந்தையாக இருப்பது உண்டு.

இதைவிடத் தெளிவான சான்று சிவிங்கிப்புலி. முகலாயர் அதைப் பிடித்துப் பழக்கி மான் வேட்டைக்குக் கொண்டுசென்றனர். அக்பரிடம் ஏராளமாக இருந்தன. ஆனால் அடைபட்ட நிலையில் அவை குட்டி போடுவது அரிதினும் அரிதாக இருந்ததால், அப்படி ஒரு முறை நடந்ததை வியந்து ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். இனப்பெருக்கம் மனிதனின் கைக்கு வராததால், எத்தனை காலம் பழக்கியும் அது காட்டு விலங்காகவே இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது சைபீரிய நரி. நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர் பண்ணை நரிகளில் மனிதனைக் கண்டு மிகக் குறைவாக மிரள்பவற்றை மட்டும் தேர்ந்து இணைசேர்க்கத் தொடங்கினார். அவருக்குப் பின் லுத்மிலா த்ரூத் அதைத் தொடர்ந்தார். சாந்தத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்தும், சில பத்தாண்டுகளில் வாலாட்டுகிற, காது தொங்குகிற, தோலில் வெள்ளைத் திட்டுகள் உள்ள நரிகள் பிறந்தன. அவை முன்பே பண்ணையில் வளர்ந்தவை என்பதால் இம்மாற்றங்களில் சில முன்னரே இருந்தவை என்று மறுப்போரும் உண்டு. எனினும் மனிதனை நாடும் இயல்பு பிறப்பிலேயே வந்தது என்பதே இங்கே நமக்கு முக்கியம்.

வம்சத்தால் வீட்டுக்குரியதாகிவிட்ட விலங்கு சாதுவாக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஜல்லிக்கட்டில் திமில் சிலிர்த்து நிற்கும் புலிக்குளம் காளை பல தலைமுறைகளாக மனிதன் வளர்த்துவரும் மாட்டினம்தான். ஆனால் வாடிவாசலில் அதைச் சாது என்று எவரும் சொல்லமாட்டார். மல்பெரி இலை தின்னும் பட்டுப்பூச்சியோ எவராலும் பழக்கப்பட்டதில்லை. ஆனால் பறக்கும் திறனையே இழந்துவிடும் அளவுக்கு வளர்ப்பினமாகிவிட்டது.

ஆகவே மொழிபெயர்க்கும்போது 'டேம்' என்பதற்குப் 'பழக்குதல்' என்பதையும், 'டொமெஸ்டிகேட்' என்பதற்கு 'வளர்ப்பினமாக்குதல்' என்பதையும் நான் கையாள்கிறேன். நீங்கள் படித்த வரியைத் தமிழில் 'யானை பழக்கப்பட்ட விலங்கு, ஆனால் வளர்ப்பினம் அன்று' என்று எழுதலாம்.