கரீபியனில் ஆள் அரவமில்லாத தீவு விடுதியில் ஒரு வாரம் ஸ்கூபா டைவிங்: போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் டைவிங்கை, அதாவது முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதை, கற்றுக்கொள்வதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மனைவிக்கு நீச்சல் அரைகுறையாகத்தான் வரும், விடுதியிலேயே கற்றுக்கொண்டு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் போனது கரீபியனின் கேமன் தீவுகளில் ஒன்றான லிட்டில் கேமன். அவற்றில் பெரிய தீவான கிராண்ட் கேமனில் இறங்கி, ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீவின் நீளம் 16 கிலோமீட்டர், சராசரி அகலம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நிரந்தரமாக வசிப்பவர்கள் 200 பேருக்கும் குறைவு. சாலையில் உடும்பு போன்ற பெரிய பாறை இகுவானாக்கள் படுத்திருக்கும். வண்டிதான் நின்று வழிவிட வேண்டும், அதற்கென்றே பலகை வைத்திருக்கிறார்கள். இரவில் கடை வீதி, பாட்டுக் கச்சேரி என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தால் அலைச் சத்தமும் நட்சத்திரங்களும்தான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே போகிறவர்கள் எல்லாம் பிளடி பே சுவரைப் பார்க்கத்தான் போகிறார்கள். தீவின் வடக்குக் கரையில் பவளப்பாறைத் தரை வெறும் ஆறு மீட்டர் ஆழத்தில் முடிந்து, அங்கிருந்து செங்குத்தாக ஆயிரம் அடிக்கும் கீழே இறங்குகிறது. ஓர் இடத்துக்கு 'த்ரீ ஃபேதம் வால்' என்றே பெயர். மூன்று ஃபேதம் என்றால் 18 அடி. நீந்திக்கொண்டே விளிம்பைத் தாண்டியபோது காலுக்கடியில் இருந்த மணல் சட்டென்று இல்லாமல் போனது. கீழே நீலம், அதற்கும் கீழே கருநீலம். மாடி விளிம்பிலிருந்து காற்றில் காலெடுத்து வைத்துவிட்டு, விழாமல் அப்படியே நிற்பது போல இருந்தது. சுவர் முழுக்கக் கடல் விசிறிகள், ஆள் உட்காரும் அளவுக்குப் பீப்பாய் போன்ற கடற்பஞ்சுகள். ஓர் அழுங்காமை எங்களைக் கண்டுகொள்ளாமல் கடற்பஞ்சைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் கற்றுக்கொண்டு போங்கள் என்று சொல்வதும் இந்தச் சுவரால்தான். அங்கே கால் ஊன்றத் தரை கிடையாது. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கும் பக்குவம் கைவராதவர்கள் பதற்றத்தில் சுவரைப் பிடிப்பார்கள். பிடித்த இடத்தில் பல வருடம் வளர்ந்த பவளம் உடையும். கேமனின் கடல் பாதுகாப்புப் பகுதிகளில் டைவ் செய்பவர்கள் கையுறை போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கையுறை இருந்தால் தொடத் தோன்றும் என்பதுதான் காரணம்.

ஊரிலேயே பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் முடித்துவிட்டு, கடைசி நான்கு கடல் டைவ்களை மட்டும் தீவில் செய்து சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. 'ரெஃபரல்' என்று கேளுங்கள். இதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை, எந்த நீச்சலாக இருந்தாலும் சரி. மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் குளத்துக்குப் போனால் உங்கள் மனைவியால் நிச்சயம் முடியும். என் மனைவியும் 34 வயதில்தான் நீச்சல் கற்றார். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காது என்றதும் என் கதை. எனக்கு லேசான சளி இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று இரண்டாம் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன். பத்து மீட்டர் ஆழத்துக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன்செய்ய வேண்டும், எனக்கு ஒரு பக்கம் திறக்கவே இல்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மீட்டர் இறங்கியதுதான் தவறு. அப்புறம் இரண்டு நாள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. சளி பிடித்தால் இறங்காதீர்கள், ஒரு டைவ் போனால் போகட்டும்.

அந்த இரண்டு நாளும் சைக்கிளில் சுற்றினேன். பூபி பாண்ட் என்ற உப்பு ஏரியில் சிவப்புக்கால் பூபிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கின்றன. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு மாலையில் அவை கூட்டமாகத் திரும்பும்போது, ஃபிரிகேட் பறவைகள் மேலேயிருந்து பாய்ந்து, விழுங்கிய மீனைக் கக்க வைத்துப் பறித்துக்கொள்கின்றன. ஏரிக்கரையில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். இருட்டும் வரை நின்றேன்.

களவா மீனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நசாவு களவா என்பது கரீபியனில் பல இடங்களில் பிடித்தே கிட்டத்தட்ட அழிக்கப்பட்ட மீன். குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் கூடி முட்டையிடும் வழக்கம்தான் அதற்கு எமனாகிவிட்டது. லிட்டில் கேமனின் மேற்கு முனையில் சுமார் 7,000 மீன்கள் கூடும் இடம் 2001இல் மீனவர்கள் கண்ணில் பட்டது. இரண்டே பருவத்தில் ஏறக்குறைய 4,000 மீன்களைப் பிடித்துவிட்டார்கள். 2003இல் அங்கே தடை வந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். 2018 வாக்கில் எண்ணிக்கை மறுபடியும் 7,000ஐத் தாண்டியது. நான் மறுபடி இறங்கிய நாளில் அப்படி ஒரு களவா, என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்தைவிடப் பெரியது, டைவ் முடியும் வரை வீட்டு நாய் மாதிரி பக்கத்திலேயே வந்தது. நான் நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. படகில் ஏறிய பிறகும் வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

தேதி குறிக்கும்போது ஏப்ரல், மே பாருங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று அடித்தால் பிளடி பே பக்கம் படகு போக முடியாது. ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் பருவம். விலைப் பட்டியல் எந்த டாலரில் இருக்கிறது என்றும் கேளுங்கள், ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம். டைவிங்குக்கென்று தனிக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டினால் சிகிச்சை தரும் அழுத்த அறை கிராண்ட் கேமனில்தான் இருக்கிறது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், அதனால் கடைசி நாள் முழுக்க டைவ் இருக்காது. அன்றைக்கு விடுதியில் ஒரு கயாக் (சிறு துடுப்புப் படகு) கேட்டு வாங்கி, தெற்கே காயல் நடுவில் இருக்கும் ஓவன் தீவுக்குத் துடுப்புப் போடுங்கள். யாரும் குடியில்லாத குட்டித் தீவு. முழங்கால் தண்ணீர், வெள்ளை மணல். குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே எதுவும் கிடைக்காது.