கணினி கேள்வி – பதில்: கட்டத்தில் வந்து நிற்கும் பிறர் கைப்பேசி எண்கள்

கேள்வி: ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தேர்வு விண்ணப்பம், வருமானச் சான்று, பான் அட்டை என நாளொன்றுக்கு 30 பேருக்காவது கடைக் கணினியில் படிவம் நிரப்பித் தருகிறோம். கைப்பேசி எண் கட்டத்தில் 9 என்று தட்டியதுமே, முன்பு வந்தவர்களின் எண்கள் வரிசையாக இறங்குகின்றன. சென்ற வாரம் மகளுடன் வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு என் பிள்ளை நம்பரும் இப்படித்தானே சார் வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. குரோம் உலாவியில் முகவரிகளை எல்லாம் அழித்துவிட்டேன். எண்கள் இன்னும் வருகின்றன. என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தத் தந்தையின் கவலை முற்றிலும் நியாயமானது. அதை அலட்சியப்படுத்தாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்களே, மகிழ்ச்சி.

நாம் தட்டுவதை எல்லாம் குரோம் ஒரே இடத்தில் வைப்பதில்லை. பெயர், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் சேர்ந்த முழு முகவரி ஒரு தொகுப்பு. கடவுச்சொற்களும் வங்கி அட்டைகளும் வேறு தொகுப்புகள். இவை தவிர, ஏதோ ஒரு படிவத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் தட்டி அனுப்பிய ஒற்றை விடைகள், அதாவது கைப்பேசி எண், தந்தை பெயர், சான்றிதழ் எண் போன்றவை, தனியாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. நீங்கள் அழித்தது முகவரித் தொகுப்பை. கட்டத்தில் இறங்குபவையோ இந்த ஒற்றை விடைகள். செட்டிங்ஸில் இவற்றைத் திறந்து பார்க்கத் தனிப் பட்டியல் இல்லாததால்தான், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் எண்ணை மட்டும் நீக்க வேண்டுமானால், அது இறங்கும்போது கீழ்நோக்கிய அம்புக்குறி விசையால் அதன் மேல் சென்று, ஷிஃப்ட், டெலிட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அந்த வரி அங்கேயே மறைந்துவிடும். வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே இதைச் செய்து காட்டலாம். மொத்தமாக நீக்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் காலத்தை 'ஆல் டைம்' என்று மாற்றி, பட்டியலை முழுவதும் விரித்து, 'ஆட்டோஃபில் ஃபார்ம் டேட்டா' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும். கடவுச்சொற்களுக்கான வரியில் டிக் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து, கைப்பேசியோடு ஒத்திசைவும் வைத்திருந்தால், கைப்பேசியில் உள்ள உங்கள் முகவரிகளும் சேர்ந்தே போய்விடும். தேவையானதை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சேராமலிருக்க, குரோம் செட்டிங்ஸில் முகவரிகள் பகுதியின் மேலே உள்ள 'சேவ் அண்ட் ஃபில் அட்ரஸஸ்' சுவிட்சை அணைத்துவிடுங்கள். அணைத்தால் சேமிப்பது நிற்குமே தவிர, ஏற்கனவே சேர்ந்தவை அழியாது. ஆகவே இரண்டையும் செய்ய வேண்டும்.

ஆயினும், ஊரார் விவரங்கள் புழங்கும் கடைக்கு நான் வற்புறுத்திச் சொல்வது கெஸ்ட் சாளரத்தைத்தான். குரோமின் மேல் மூலையிலுள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டால் அந்த வசதி வரும். பார்த்த பக்கங்களைப் பதிந்து வைக்காத இன்காக்னிட்டோ சாளரமே போதும் என்று பல கடைகளில் நினைக்கிறார்கள். அது புதிதாக எதையும் சேமிக்காது என்பது உண்மை. ஆனால் முன்பே சேமித்தவற்றை அங்கும் எடுத்து நீட்டும். கெஸ்ட் சாளரத்துக்கோ உங்கள் சேமிப்பு எதுவும் தெரியாது. மூடியதும் அதில் தட்டியதும் தங்காது. ஒருவர் வேலை முடிந்ததும் கெஸ்ட் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு, அடுத்தவருக்குப் புதிதாகத் திறப்பதை வழக்கமாக்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பதிவிறக்கிய விண்ணப்ப நகலும், ஸ்கேன் செய்த ஆதார், மதிப்பெண் பட்டியலும் டவுன்லோட்ஸ் கோப்புறையிலோ டெஸ்க்டாப்பிலோ அப்படியே கிடக்கும். கெஸ்ட் சாளரத்தை மூடினாலும் அவை போகாது. அச்செடுத்துக் கொடுத்ததும் அவற்றை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அந்தத் தந்தை மறுபடி வந்தால், தயங்காமல் பதில் சொல்லலாம்.

கேள்வி: ஒரு தளம் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்கிறது. உலாவி தானாக நிரப்பித் தரும் ஆட்டோஃபில்லைத் தொட்டால் அவை மட்டும்தான் போகுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படி நம்பிவிட முடியாது. 2017 ஜனவரியில், பின்லாந்தைச் சேர்ந்த வில்யாமி குவோஸ்மானென் என்ற மென்பொருளாளர் இதைச் செய்தே காட்டினார். அவர் அமைத்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை பெயர், மின்னஞ்சல் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே. கைப்பேசி எண், முகவரி முதலியவற்றுக்கான கட்டங்களைத் திரைக்கு வெளியே தள்ளி வைத்திருந்தார். குரோம் அவற்றையும் சேர்த்தே நிரப்பியது. அன்றைய ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரே சொடுக்கில் பல கட்டங்களை நிரப்பும் வசதி இல்லை. அதனால் அது தப்பியது. பழக்கமில்லாத தளம் என்றால், உலாவி நீட்டும் பரிந்துரையைத் தொடாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இரண்டு கட்டங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: வீடு மாறி ஓராண்டாகியும் பழைய முகவரியே வருகிறது. ஒருமுறை பார்சலும் அங்கே போய்விட்டது.
– வாசகர், ஓசூர்

பதில்: குரோம் செட்டிங்ஸில் முகவரிகள் பகுதிக்குச் சென்று பழையதைத் திருத்துங்கள், அல்லது நீக்குங்கள். கூகுள் கணக்கில் சேமித்த முகவரியானால், ஒரு கருவியில் திருத்தினால் அதே கணக்கில் உள்ள மற்றவற்றிலும் மாறிவிடும். கடைத் தளங்கள் உங்கள் கணக்கில் தனியே வைத்திருக்கும் முகவரி இதனால் மாறாது. அதை அந்தந்தத் தளத்தில்தான் மாற்ற வேண்டும்.