வாசகர் கேள்வி – பதில்: நிற்க மறுக்கும் புரொசெஸ்

கேள்வி: எங்கள் தோட்டத் தொழிற்சாலையில் அன்றன்றைய கொழுந்து நிறையைக் கூட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று லினக்ஸில் இரவில் ஓடும். சில நாள் ஸ்டக் ஆகி நின்றுவிடும். நிறுத்தும் கட்டளையான ‘கில் -9’ அடித்தால் போய்விடும். ஆனால் மறுநாள் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று தொடங்க மறுக்கிறது. ஏன்?
– வாசகி, ஹட்டன்

பதில்: அந்த 9தான் காரணம். வெறும் ‘கில்’ அனுப்புவது 15ஆம் சிக்னல் (‘முடித்துக்கொள்’ என்ற அறிவிப்பு). அதைப் பிடிக்கும்படி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், தன் லொக் ஃபைலை (‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு அடையாளமாக வைக்கும் ஃபைல்) அழித்துவிட்டுத்தான் போகும். 9ஐ எந்தப் புரொசெஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பிடிக்க முடியாது. லினக்ஸின் மையமான கேர்னல் நேரே முடித்துவிடும். லொக் ஃபைல் அப்படியே கிடக்கும்; மறுநாள் ஸ்கிரிப்ட் அதைக் கண்டு ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று நினைக்கும்.

‘பிகிரெப் -ஏஎஃப்’ என்று அடித்து, பக்கத்தில் ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் அதன் புரொசெஸ் இலக்கம் கிடைக்கும். 4312 என்று வைத்துக்கொள்வோம். ‘பிஎஸ் -ஓ ஸ்டாட் -பி 4312’ அதன் நிலையைக் காட்டும். எஸ் என்றால் எதற்கோ காத்திருக்கிறது. ‘கில் 4312’ போதும். டி (ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து) என்றால் டிஸ்க்கிலோ நெட்வேர்க் ஃபோல்டரிலோ மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் 9க்கும் அசையாது. அப்போது டிஸ்க்கையும் கேபிளையும் பாருங்கள்.

‘கில்’ அடித்தும் பாஷில் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) எழுதிய ஸ்கிரிப்ட் போகவில்லையா? ட்ராப் (சிக்னலைப் பிடிக்கும் வரி) வைத்த பாஷ், தான் தொடங்கிய கட்டளை முடியும்வரை சிக்னலைக் கவனிக்காது. ‘பிஎஸ்ட்ரீ -பி 4312’ அடித்தால் உள்ளே நிற்கும் பிள்ளைப் புரொசெஸ் தெரியும். அதற்கு ‘கில்’ அனுப்புங்கள்; உண்மையில் ஸ்டக் ஆனது அதுதான். பத்துப் பதினைந்து செக்கன் பொறுத்தும் அசையாவிட்டால் மட்டும் 9. லொக் ஃபைலைக் கையால் அழிக்குமுன், அந்த ஸ்கிரிப்ட் எங்கும் ஓடவில்லை என்று மறுபடி ‘பிகிரெப்’ போட்டுப் பாருங்கள். இரண்டு பிரதி ஒன்றாக ஓடினால் நிறைக் கணக்கு இரட்டித்துப்போகலாம்.

அவசரத்தில், பெயரை வைத்து நிறுத்தும் ‘பிகில் -எஃப்’ வேண்டாம். அதே ஸ்கிரிப்டை எடிட்டரில் திறந்து வைத்திருப்பவரின் எடிட்டரும் சேர்ந்து போகும்.

கேள்வி: நிலை ‘இசட்’ என்று காட்டும் புரொசெஸ் 9க்கும் சாகவில்லையே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அது ஏற்கெனவே செத்தது. தாய்ப் புரொசெஸ் அதன் முடிவை வாங்கிக்கொள்ளாததால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது, மெமரி தின்னாது. தாயை நிறுத்தினால் தானாக மறையும். ஒன்றிரண்டென்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: வீட்டிலிருந்து கொழும்பிலுள்ள சேர்வருக்கு எஸ்எஸ்எச்சில் (தூரக் கணினிக்குள் நுழையும் வழி) போய் வேலை செய்கிறேன். மழைக்கு இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் நின்றுவிடுகிறது. கரண்ட் போனாலும் அப்படித்தான்.
– வாசகர், பண்டாரவளை

பதில்: டேர்மினல் மூடும்போது 1ஆம் சிக்னல் வருகிறது, அதில் சாகிறது. சேர்வரில் ‘டிமக்ஸ்’ (இணைப்பு போனாலும் டேர்மினலைத் திறந்தே வைத்திருக்கும் புரோகிராம்) என்று அடித்து, வேலையை அதற்குள் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் அது ஓடும். திரும்ப வந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ அடித்தால் விட்ட இடம். கரண்ட் போவது உங்கள் லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும்தானே, சேர்வருக்கு இல்லை.

ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலை என்றால் கொன்ட்ரோல்-இசட் (இடைநிறுத்த), பிறகு ‘பிஜி’ (பின்னணியில் ஓடவிட), பிறகு ‘டிஸ்ஓன் -எச்’ (1ஆம் சிக்னல் அதற்குப் போகாமலிருக்க). ஆனால் திரையில் எழுதிக்கொண்டே போகும் புரோகிராமுக்கு இது அரைகுறைதான்: எழுதத் திரை இல்லாதபோது எரர் வாங்கி நின்றுவிடக்கூடும்.

கேள்வி: ஓடும் புரொசெஸ்களைக் காட்டும் ‘டொப்’, ஒன்றுக்கு 380 சதவீதம் சிபியு காட்டுகிறது. பிழையா?
– வாசகி, நுவரெலியா

பதில்: இல்லை. சிபியுவின் ஒரு கோர் (தனியாக வேலை செய்யும் பகுதி) 100. நான்கு கோர் உள்ள மெஷினில் 400 வரை போகும். மற்ற வேலைகள் திணறினால் ‘ரெனைஸ் -என் 19 -பி’ போட்டு அதன் இலக்கத்தைக் கொடுங்கள், வழிவிடும்; 19 என்பது மிகக் குறைந்த முன்னுரிமை. சாதாரண யூசர் அந்த 19ஐத் திரும்பக் குறைக்க முடியாது, ரூட் (நிர்வாகி அதிகாரம்) வேண்டும்.