சின்னம்மைத் தடுப்பூசி: 'வந்து போகட்டும்' என்று விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றேகால் வயது. சின்னம்மைத் தடுப்பூசி போடச் சொல்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ, "எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. தானாக வந்தால்தான் எதிர்ப்புச் சக்தி நிற்கும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள். பெரியவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஒருமுறை வந்தவருக்குச் சின்னம்மை மறுபடி வருவது அபூர்வம். பெரும்பாலான குழந்தைகள் பத்து நாள் அரிப்போடு தப்பிவிடுவார்கள். சிலருக்குத்தான் கொப்புளத்தில் சீழ் பிடிக்கும், நிமோனியா வரும், மூளை வீங்கும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் இது நேரலாம் என்பதுதான் சங்கடம். அமெரிக்காவில் 1995இல் இந்த ஊசி வருவதற்கு முன், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது. 100 முதல் 150 பேர் இறந்தார்கள்.

அப்புறம், 'வந்து போய்விட்டது' என்கிறோமே, அந்தக் கிருமி எங்கும் போவதில்லை. நரம்பு வேர்களில் பதுங்கியிருந்து, வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்பும். ஊசி போட்ட குழந்தைகளுக்கு அக்கி வருவது குறைவு.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. சுற்றிலும் பாதிப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டால் கிருமி நடமாட்டம் குறையும். ஊசி போடாத உங்கள் மகள் ஐந்து வயதில் தப்பித்து, இருபத்தைந்தில் மாட்டிக்கொள்ளலாம். பெரியவர்களைச் சின்னம்மை படுத்தும் பாடே தனி. கர்ப்பத்தின் முதல் பாதியில் வந்தால், அபூர்வமாகச் சிசுவுக்கே ஊனம் உண்டாகும். அதனால்தான், அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்ப்பதென்றால் 80 சதவீதக் குழந்தைகளையாவது தொடர்ந்து எட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமி நடமாட்டம் குறைந்தால், அதை அவ்வப்போது எதிர்கொண்டு எதிர்ப்புச் சக்தியைப் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்புப் போய், முன்பே சின்னம்மை வந்த பெரியவர்களுக்கு அக்கி கூடுமோ என்று நெடுநாள் தயங்கிய பிரிட்டனும் 2026 ஜனவரியில் இதைச் சேர்த்துவிட்டது.

சரி, எப்போது போடுவது? முதல் ஊசி 12–15 மாதத்தில், இரண்டாவது 4–6 வயதில் என்பது ஒரு வழக்கம். சில நாடுகளில் இரண்டாவதைச் சீக்கிரமே போடுகிறார்கள். குறைந்தது மூன்று மாத இடைவெளி இருந்தால் போதும். இரண்டாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊசியோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு, லேசாகவேனும், சின்னம்மை வர வாய்ப்புண்டு. ஊசிக்குப் பிறகு கை வலி, இளஞ்சூடு, நாலைந்து பருக்கள் வந்தால் பயம் வேண்டாம். இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி. அதனால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும் போடுவதில்லை. ஊசிக்கு முன்பே சின்னம்மை வந்துவிட்டால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா? வரவில்லை, அடுத்த குழந்தைக்கும் எண்ணமிருக்கிறது என்றால், நீங்களும் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு, அதன்பின் ஒரு மாதமாவது கழித்துக் கருத்தரியுங்கள்.