97 விழுக்காட்டில் நிற்கும் டொரண்ட்

கேள்வி: எங்கள் கணினிப் பயிற்சி மையம் மதுரையில் தயாரிக்கும் பாட வீடியோக்களைத் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிக் கிளைகள் டொரண்ட் வழியே பகிர்ந்துகொள்கின்றன. வேகம் போதவில்லை, அடிக்கடி எல்லாக் கிளைகளிலும் 97 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. மைய சர்வர் வாங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இயலும். டொரண்ட் முறையில் கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, இணைப்பில் இருக்கும் கணினிகளுக்கிடையே நேரடியாகப் பரிமாறப்படுகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், மீதமுள்ள துண்டுகள் இணைப்பில் இருக்கும் எவரிடமும் இல்லை என்று பொருள். மென்பொருளில் ‘அவெய்லபிலிட்டி’ என்ற எண்ணைப் பாருங்கள் (இணைப்பில் இருப்பவர்களிடம் எத்தனை முழுப் பிரதிகள் உள்ளன என்று அது சொல்லும்), அது 0.97 என்று காட்டினால், முழுப் பிரதி ஒன்று வெளியே போய்ச் சேருமுன்பே மதுரைக் கணினியை யாரோ மாலையில் அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். முழுப் பிரதியை வைத்து வழங்கும் கணினிக்குச் ‘சீடர்’ என்று பெயர் (குருவைத் தேடி அலையும் சீடர் அல்ல). கிளைகளில் ஒன்றாவது 100 விழுக்காட்டை எட்டும்வரை அது இயங்கட்டும். வீடியோவை இறங்க இறங்கவே பார்ப்பதற்காக வரிசைப்படி இறக்கும் வசதியை யாரேனும் தேர்ந்திருந்தால் அதையும் நீக்குங்கள். அரிதான துண்டை முதலில் எடுக்கும் இயல்பான முறையை அது கெடுத்துவிடும்.

வேகத்தைப் புரிந்துகொள்ள உங்கள் ஊர் மொய் நோட்டே போதும். டொரண்ட் பகிர்வுக்கு அடிப்படையான, பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் முறை, தனக்கு அதிகம் தந்த சிலருக்கே திருப்பித் தருகிறது. அந்தச் சிலர் யார் என்பதை 10 வினாடிக்கு ஒருமுறை மாற்றிக் கணிக்கிறது. மொய் நோட்டு பத்தாண்டு கழித்தும் பேசும். இதற்கு நினைவு சில வினாடிகளே. இன்னும் எதுவும் செய்யாத புதியவரும் பந்தியில் உட்காரட்டும் என்று 30 வினாடிக்கு ஒருமுறை ஒருவருக்கு இடம் தருவதும் உண்டு. இத்தகைய கணக்கு எதுவும் இல்லாத நியூடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பை 2000-இல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதையும் பகிராமல் எடுத்துக்கொண்டு மட்டுமே இருந்தனர். ஆகவே பதிவேற்றத்தை மிகவும் இறுக்கி வைத்திருக்கும் கிளைக்குப் பதிவிறக்கமும் மெதுவாகத்தான் வரும்.

அதற்காக வரம்பின்றித் திறந்துவிடவும் கூடாது. பதிவேற்றப் பாதை நிரம்பிவிட்டால், ‘வந்து சேர்ந்தது’ என்று நம் கணினி அனுப்பும் சிறு ஒப்புகைகள்கூட வரிசையில் காத்துக் கிடக்கும், இறக்கமும் தளர்ந்துவிடும். இணைப்பின் பதிவேற்ற வேகத்தில் சுமார் 80 விழுக்காட்டை வரம்பாக வைத்துப் பாருங்கள்.

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இயங்கும் கிளைகளை வெளியிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்வது பெரும்பாலும் இயலாது; அப்படிப்பட்ட இரண்டு கிளைகள் தமக்குள் இணைவது மேலும் கடினம். மதுரையிலாவது கம்பிவழி இணைப்பில் ரூட்டரின் போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான வாசலை) திறந்துவையுங்கள்.