குளிரில் வாடும் தக்காளி நாற்றுக்கு வளர்ச்சி ஊக்கி உதவுமா?

ஊட்டியில் டிசம்பரில் குழித்தட்டில் வளரும் தக்காளி, குடைமிளகாய் நாற்றுகள் ஊதா நிறமாகி வாடுகின்றன, என்ன தெளிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தெளிப்பு உதவும், ஆனால் குளிர் தாக்கும் முன்பே தெளிக்க வேண்டும்.

சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்தப் பயிர்களின் செல் சவ்விலுள்ள கொழுப்பு இறுகிவிடுகிறது, வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்குவது அதனால்தான். தாகம் என்று நினைத்து மேலும் நீர் ஊற்றினால் வேரழுகல் நிச்சயம்! குளிர்ந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறாததால் ஊதா நிறம் வருகிறது. உரம் கூட்டிப் பயனில்லை.

தெளிக்க என் தேர்வு சாலிசிலிக் அமிலம், செடிகளிலேயே இயல்பாக உள்ள ஒரு வளர்ச்சி ஊக்கி. லிட்டருக்கு 70 மில்லிகிராம் போதும். குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. சிறிது எத்தனாலில் கரைத்து நீரில் கலக்கலாம். செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளை இது தூண்டுகிறது. அதற்கு அவகாசம் தேவை. ஓரிரு நாள் முன்னதாகவே தெளியுங்கள். அளவு மிஞ்சினால் இலை கருகும். முதலில் நாலைந்து நாற்றுகளில் மட்டும் பாருங்கள்.

செடியின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தும் குளிர் தாங்கும் திறனைக் கூட்டும். ஆனால் அளவு தவறினால் செடி நட்ட பிறகும் குட்டையாகவே நிற்கும், மண்ணிலும் நெடுநாள் தங்கும். சிறு நாற்றங்காலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உறைபனி விழும் இரவில் எந்த ஊக்கியும் காப்பாற்றாது, நாற்றுகளை மேலே போர்த்தி மூட வேண்டும். முட்டைக்கோசு நாற்றுக்கு இந்தச் செலவே வேண்டாம், அது குளிர்காலப் பயிர்.